துடக்கு

மெல்பேர்ணில் எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். எட்டு வயது. எழுபதுகளில் எங்கள் தெருவில் வேறு தமிழர் கிடையாது. அப்பா வேலைக்குப் போனபின் பால்காரரும் தபால்காரரும் அம்மாவும் என் வாயையே நம்பியிருந்தார்கள். அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடத்தான்.

ஒருமுறை அம்மா சுகமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். காய்ச்சல் என்றார் அப்பா. பக்கத்து வீட்டு அயர்லாந்து அன்ரி ஒரு சட்டி நிறைய சூப் கொண்டுவந்து தந்தார். வெறுஞ்சட்டியைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அதற்குள் வாழைப்பழங்களை வைத்துக்கொண்டு, அம்மா முதன்முதலாக அவர் வீட்டுப் படியேறினார். நானும் கூடப் போனேன்.

குசினியில் அன்ரி வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தார். எங்கள் மத்தைப்போலக் கயிறு இழுத்துச் சுழற்றும் வேலையில்லை. உயரமான மரப்பீப்பாய், அதன் மூடித் துளைக்குள்ளால் ஒரு தடி. உலக்கை போடுவதுபோல ஏற்றி இறக்கவேண்டும். எங்களைக் கண்டதும் அன்ரி விலகி நின்று அம்மாவைத் தடியைப் பிடிக்கச் சொன்னார். கடையும்போது வருகிறவர் ஒரு கை போடாமல் போனால் வெண்ணெயின் அதிர்ஷ்டமும் அவரோடு போய்விடுமாம். அம்மாவுக்கு அதைச் சொன்னேன்.

அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்குத் துடக்கு, தொடக்கூடாது எண்டு சொல்லு பிள்ளை."

அன்ரியின் முகம் சுருங்கியது. அந்தத் தெருவில் அம்மாவுக்குக் கிடைக்கவிருந்த ஒரே சிநேகிதி கைநழுவிப் போகிறார் என்பது எனக்கே விளங்கியது. துடக்கு எனக்குத் தெரிந்த சொல்தான். ஊரில் அப்பப்பா இறந்த செய்தி வந்தபோது, துடக்கு என்று சாமிப் படத்துக்கு விளக்கு வைக்காமல் விட்டோம். ஆகவே ஆங்கிலத்தில் கம்பீரமாகச் சொன்னேன்: எங்கள் வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார்.

அன்ரி சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, யார் என்று கேட்டார்.

"அம்மா, செத்தது ஆர் எண்டு கேக்கிறா."

அம்மா என் காதைத் திருகியிருக்கவேண்டும். திருகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அருகிலிருந்த கதிரையில் அமர்ந்து வாய்விட்டு அழுதார். அம்மா அப்படி அழுது நான் கண்டதேயில்லை, பயந்துபோனேன். அன்ரி அவர் தலையைத் தன்னோடு அணைத்துக்கொண்டார். யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. எனக்கு அது கொஞ்சம் மனவருத்தம்கூட.

வெகுநேரம் கழித்து அன்ரி அம்மாவின் கையை எடுத்துத் தடியில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தார். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. இருவருமாகக் கடைந்தார்கள். வெண்ணெய் திரண்டது.

பெண்களின் தீட்டுக்கும் துடக்கு என்றுதான் பெயர் என்று வளர்ந்தபின் தெரிந்தபோது, என் ஆங்கிலத்தை நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன். எனக்கு முதல் குழந்தை பிறந்தபோதுதான் அம்மா சொன்னார், அந்த முறை ஆஸ்பத்திரியில் கலைந்துபோன பிள்ளையைப் பற்றி.

நான் பிழையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் இறந்துதான் இருந்தார். அந்தக் குசினியில் அது தெரியாமல் நின்றது நான் மட்டுந்தான்.