மால்டாக் கடலில் என் சோடி

மால்டாவுக்குப் போனது என் கணவரின் ஆசை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருந்தபடி, ஒரு நீச்சல் குளத்தில் இருவருமாகத்தான் நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபா பழகினோம். நாங்கள் ஒரு சோடி. ஒருவரையொருவர் பார்த்தபடியே நீந்த வேண்டும், ஒருவர் மேலே வந்தால் மற்றவரும் வர வேண்டும் என்பது விதி.

மால்டாவில் நாங்கள் இறங்கிய இடம், கரையோரமாகச் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் பாறைச் சுவர். சுலபமான இடம் என்றார்கள். பாதி வழியில் என் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. பழகியதெல்லாம் மறந்துபோய் அவரைத் தேடினேன். அவர் தூரத்தில் ஓர் ஒக்டோபஸைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் என் தோளை இறுக்கிப் பிடித்து மேலே கொண்டுவந்தாள். எங்களோடு இறங்கிய வழிகாட்டி என் கணவரையும் மேலே அனுப்பினார்.

"இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க ஏலாதே? இப்பதான் அது வெளியிலை வந்தது," என்றார் கணவர்.

"எனக்கு மூச்சு முட்டினதப்பா."

"விசர்க்கதை கதையாதையும்."

லண்டனுக்குத் திரும்பியதும், வீட்டுக்கு வந்தவர்களுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்.

"அக்கா பயப்பிடேல்லையோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நான் கையை விட்டால்தானே பயப்பிட!" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றினேன்.

இப்போதெல்லாம் வீதியைக் கடக்கும்போது அவர் கை நீட்டினால், சாமான் பையை அவர் பக்கத்துக் கைக்கு மாற்றிக்கொள்கிறேன். அவர் இன்னும் கவனிக்கவில்லை.