மூன்று தலையணை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். முடிச்சூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

என் அப்பா ஏசுதாசனுக்கு இதயம் பலவீனம். அதனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மட்டமாகப் படுக்கவே கூடாது, மூச்சு முட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதுகுக்கு மூன்று தலையணை அடுக்கி, சாய்ந்தபடிதான் தூங்குவார். கட்டில் வீட்டுக்காரருடையது. பழைய தேக்கு.

அன்று நல்ல மழை. கரண்ட் இல்லை. என் கணவர் ஃபிரெடி ஆபீஸில். நான் கிச்சனில் இருந்தேன்.

களக்... களக்... தண்ணீருக்குள் ஸ்ட்ரா விட்டு ஊதுவது போல ஒரு மூச்சு.

ஓடினேன். அப்பா அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் அவரிடமிருந்து வரவில்லை. அவருக்குப் பக்கத்தில், கட்டிலின் காலி இடத்திலிருந்து வந்தது. நான் நெருங்கியதும் நின்றுவிட்டது.

ஒரு தலையணை தரையில் கிடந்தது. எடுத்து வைத்துவிட்டு வந்தேன்.

பொத்... பொத்.

திரும்ப ஓடினேன். இப்போது இரண்டு தலையணை கீழே. அப்பா பாதி சரிந்திருந்தார்.

"அப்பா, நீங்களா தள்ளினீங்க?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நான் இல்லம்மா. அந்தம்மா."

"எந்த அம்மா?"

"தள்ளிப் படுக்கச் சொல்றாங்க. இடம் வேணுமாம்..."

தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்த்துவிட்டு, ஃபிரெடியைக் கூப்பிட ஹாலுக்குப் போய் போனை எடுத்தேன்.

பொத்.

மூன்றும் ஒரேயடியாகக் கீழே.

அப்பா கட்டிலின் விளிம்பில் மல்லாந்து கிடந்தார். உதடு நீலம். வாயோரம் இளஞ்சிவப்பு நுரை. இப்போது அந்தக் களக் சத்தம் அவரிடமிருந்தே வந்தது.

பக்கத்தில் மெத்தை அமுங்கியிருந்தது.

ஓர் ஆள் நீளத்துக்கு.

"ஏசப்பா!" என்று கத்திக்கொண்டே அவரைத் தூக்கி உட்காரவைத்தேன். 108-ஐக் கூப்பிட்டேன்.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "லங்ஸ் முழுக்க தண்ணி. கொஞ்சம் லேட்டாகியிருந்தா அவ்வளவுதான்." அப்பா பிழைத்தார். ஆனால் அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பவில்லை.

சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்காரர் சாம்பசிவனிடம் கேட்டேன். "சார், அந்தக் கட்டில் முன்னாடி யாரோடது?"

அவர் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எங்கம்மாவோடது. அவங்களுக்கும் இதே ஹார்ட் ப்ராப்ளம்தான். கடைசி ரெண்டு மாசம் படுக்கவே முடியல. 'ஒரே ஒரு தடவை காலை நீட்டிப் படுத்துக்கிறேன்டா'ன்னு கெஞ்சிக்கிட்டே இருப்பாங்க. நாங்க விடல..."

குரல் இறங்கியது.

"உக்காந்தபடியே போயிட்டாங்கம்மா."