நிதானம் என்று நான் போட்ட டிக்

பிள்ளைகளே, உங்கள் அக்கா பனிச்சறுக்கில் பயமே அறியாதவள். எந்தப் பனியிலும் பாய்ந்து இறங்க வேண்டுமென்று, பிளசன்டன் ஊர்க் கடையில் அகலமான ஸ்கீயை, அதாவது சறுக்குப் பலகையை, அவளே தேர்ந்தெடுத்தாள். கடைக்காரர் ஒரு படிவம் தந்தார்: சறுக்குவது நிதானமாகவா, நடுத்தரமாகவா, வேகமாகவா?

“வேகம்னு போடுங்கப்பா. ஐ ஆம் குட்!”

“பெருமையடிக்காதேம்மா, கண்ணு பட்டுடும்” என்று நிதானத்தில் டிக் அடித்தேன். அதைப் பார்த்துத்தான் பூட்ஸை ஸ்கீயோடு பிடிக்கும் பூட்டை எவ்வளவு இறுக்குவது என்று முடிவு செய்வார்களாம்; நிதானம் என்றால் தளர்வாகவே வைப்பார்களாம். அப்போது எனக்குத் தெரியாது.

மறுவாரம் டாஹோ மலைச் சரிவில் அவள் வேகமாகத் திரும்பும்போது பூட்டு கழன்றுகொண்டது. முழங்கால் போயிற்று.

“ஸாரிப்பா, டர்ன் தப்பா பண்ணிட்டேன்” என்று ஆஸ்பத்திரியில் அழுதாள்.

பிறகு அவள் ஸ்கீயைத் தொடவே இல்லை. தனக்குச் சறுக்கத் தெரியாது என்றே நம்பிவிட்டாள். அவளிடம் அந்த டிக்கைப் பற்றிய உண்மையைச் சொல்ல இன்றும் எனக்குத் தைரியமில்லை.