பின்னறை மாமியார்

இது கதையில்லை. எனக்கு நடந்தது. பேய் என்றால் நடுச்சாமம், அமாவாசை, நாய் ஊளை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு நடந்தது பட்டப்பகல் மூன்று மணிக்கு, தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது. நம்பாதவர்கள் கம்பாலா பக்கத்துக் கிராவுக்கு வந்து எங்கள் மேட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். வீட்டைக் கை நீட்டிக் காட்டுவார்கள். கேட் வரைக்கும் கூட வருவார்கள். உள்ளே மட்டும் வரமாட்டார்கள்.

கிரா ஊரா, நகரமா என்று எங்களுக்கே இன்னும் புரியவில்லை. கம்பாலாவில் வேலை பார்ப்பவர்கள் எல்லாம் தூங்குவதற்கு இங்கே வருகிறார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது இந்த மேடு முழுக்க வாழையும் காப்பிச் செடியும்தான். பிறகு புரோக்கர்கள் வந்தார்கள். ஐம்பதுக்கு நூறு அடி என்று கல் நட்டார்கள். செம்மண் பாதை வந்தது, இரும்புக் கேட் வந்தது, மதில் மேல் முள்கம்பி வந்தது, ஒலிபெருக்கி வைத்த ஜெபச் சபைகள் வந்தன. தண்ணீர்க் குழாய் மட்டும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. முன்பெல்லாம் யார் வந்தாலும் வாசலில் நின்று "உள்ளே வரலாமா?" என்று குரல் கொடுப்பார்கள். வீட்டுக்காரர் "வாங்க" என்ற பிறகுதான் காலை எடுத்து வைப்பார்கள். இப்போது கேட்டுக்கு வெளியே நின்று போன் அடிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது, அவர் காரின் ஹாரன் சத்தம்தான் தெரியும்.

என் கணவர் லுட்டாயா அப்படி ஒரு ஐம்பதுக்கு நூறில் வீடு கட்டினார். வருஷக்கணக்கில் கட்டினார். கையில் காசு வந்தால் நாலு வரி செங்கல் ஏறும், இல்லாவிட்டால் புல் ஏறும். கடைசியாகப் பின்னறைக்குப் பூச்சு முடிந்தது. அந்த மாதமே பைபாஸ் சாலையில் லாரி அடித்துப் போய்விட்டார். அவர்கள் பூர்வீக ஊரில் புதைத்துவிட்டுத் திரும்பினேன். எனக்கு அழுகை வரவில்லை. வாழைக்காய் மசியல் வாயில் மண் மாதிரி இருந்தது. மரத்துப் போயிருந்தேன். யாராவது கிள்ளினால்கூட வேறு யாரையோ கிள்ளியது போலத்தான் இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் கவீசா வந்து சேர்ந்தான். எல்லை தாண்டி ஜூபா பக்கம் பல வருஷம் லாரி ஓட்டியவன். எங்கள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. என் பிறந்த வீட்டு ஆட்களில் ஒருவரையும் அவனுக்குத் தெரியாது.

"அண்ணி, பிள்ளையும் இல்ல. ஒத்தை ஆளுக்கு இவ்ளோ பெரிய வீடு எதுக்கு? வித்துடலாம். உங்களுக்கும் ஒரு பங்கு தரேன்."

"தர்றியா? தர்றதுக்கு நீ யாரு?"

"கோவப்படாதீங்க. நீங்க ஒரு ராத்திரி வெளியூர்ல தங்கினா நான் பூட்டை மாத்திடுவேன். சொல்லிட்டுத்தானே செய்யறேன்?"

சொன்னால் செய்கிறவன். அதனால் நான் வீட்டை விட்டு நகரவில்லை. மதிலில் சிவப்புப் பெயின்டால் 'இந்த வீடு விற்பனைக்கு இல்லை' என்று எழுதினேன். ஆளுக்குத் தெரியாமல் வீட்டை விற்றுவிடுகிறவர்களுக்குப் பயந்து எங்கள் பக்கம் மதிலுக்கு மதில் அதுதான் எழுதியிருக்கும். பள்ளிச் சீருடை தைத்து வயிற்றைக் கழுவினேன். இந்த வீடு போனால் எனக்குப் போக்கிடம் கிடையாது. என் அம்மா நான் சிறுமியாக இருக்கும்போதே மசாக்காவில் இறந்துவிட்டாள். வளர்த்த சித்தியும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஏப்ரல் மழை. பகல் மூன்று மணி. ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன்.

"உள்ளே வரலாமா?"

வயதான பெண் குரல். பழைய காலத்து இழுவை. தலை நிமிராமலே "வாங்க, வாங்க" என்றேன். அது வாயில் ஊறிய பழக்கம்.

யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கேட் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது. முற்றத்துச் சேற்றில் ஒரு காலடிகூட இல்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. குரல் வாசலிலிருந்து வரவில்லை. என் முதுகுக்குப் பின்னால்... பின்னறையிலிருந்து வந்தது.

பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. உட்கார்ந்து காலரை முடித்தேன்.

மறுநாள் அதே நேரம்.

"நாள் எப்படிப் போகுது, மகளே?"

எங்கள் பக்கம் நலம் விசாரிப்பது லேசில் முடியாது. ஒருவர் "ம்ம்" என்பார், மற்றவர் "ம்ம்" என்பார், இப்படியே போய்ப் போய் வரும். என்னையறியாமல் நானும் "ம்ம்" என்றுவிட்டேன்.

"ம்ம்..." அறைக்குள்ளிருந்து.

"ம்ம்."

"ம்ம்ம்..."

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். காலி அறை. ஒரு மூலையில் மட்டும் சிமென்ட் தரை வியர்த்திருந்தது. சாத்திவிட்டு வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவர் போன பிறகு என்னிடம் யாரும் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டதே இல்லை. அடுத்த நாளிலிருந்து நான் மூன்று மணிக்குக் காத்திருந்தேன்.

கேட்டுக்கு வெளியே நப்வாமி தக்காளி விற்பாள். இந்த மேடு முழுக்க ஒரு காலத்தில் அவள் அப்பாவுக்குச் சொந்தம். எல்லாம் விற்றுத் தீர்ந்து, இப்போது அதே மேட்டில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுக்கிறாள். எப்பேர்ப்பட்ட மழையிலும் என் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டாள்.

"உள்ள வந்து நில்லு நப்வாமி, காய்ச்சல் வந்துடும்."

"வரட்டும். காய்ச்சலுக்கு மருந்து இருக்கு."

அந்த வெள்ளிக்கிழமை கவீசா வந்தான். கூடவே தொப்பையும் தொப்பியுமாக ஒரு புரோக்கர். நான் கேட்டைப் பாதி திறப்பதற்குள் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

"ரூமைக் காட்டிட்டுப் போயிடறோம். நீங்க பாட்டுக்குத் தைங்க அண்ணி."

"பின்னறைக்கு மட்டும் போகாதே."

"ஏன், அதுக்குள்ள வேற ஆள் வச்சிட்டீங்களா?"

புரோக்கர் வயிறு குலுங்கச் சிரித்தார். கவீசா குரல் கொடுக்கவில்லை, கதவைத் தட்டவில்லை. தோளால் இடித்துத் திறந்துகொண்டு போனான்.

மணி மூன்று.

கதவு அவன் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

தகரத்தில் மழைச் சத்தம்...

உள்ளே பாய் சரசரத்தது. அந்த அறையில் பாய் கிடையாது.

"ஐயோ... மன்னிச்சிடுங்க... தெரியாம வந்துட்டேன்..."

அவன் குரல்தான்.

பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தான். ஒரு கை கண்ணைப் பொத்தியிருந்தது. இன்னொரு கையை உடம்போடு சேர்த்து இறுக்கி வைத்திருந்தான்.

"அண்ணி, உங்க அம்மா வந்து தங்கியிருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எங்க அம்மாவா?"

"'என் மக வீட்டுல உனக்கு என்னடா வேலை'ன்னு கையைப் பிடிச்சிட்டாங்க அண்ணி. மாமியாரைத் தொட்டுட்டேனே... நான் என்ன செய்வேன்!"

எங்கள் ஆட்களில் மாமியாரும் மருமகனும் ஒரே அறையில் நிற்கக் கூடாது. முகம் பார்க்கக் கூடாது. தொட்டுவிட்டால் கைநடுக்கம் வரும் என்பார்கள். அண்ணன் மனைவியைப் பெற்றவளும் அவனுக்கு மாமியார் முறைதான். என் அம்மா செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது என்று நான் சொல்லவில்லை. அவன் தரையைப் பார்த்து, "வீடு உங்களுக்கே இருக்கட்டும்" என்றான். புரோக்கர் அதற்குள் கேட்டைத் தாண்டியிருந்தார். அடுத்த வாரம் குலத்துப் பெரியவர்கள் முன்னாலும் அதையே சொன்னான். மாமியார் குடியிருக்கும் வீட்டிலிருந்து அவள் மகளைத் துரத்தியவன் என்று பேரெடுக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

அன்று அவர்கள் போன பிறகு நான் கதவைத் திறந்தேன்.

பாய் விரித்திருந்தது.

யாரும் இல்லை.

தொட்டுப் பார்த்தேன்...

சூடாக இருந்தது.

மறுநாள் கேட்டுக்கு வெளியே போய் நப்வாமி பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். பின்னறை என்றதும் அவள் தக்காளியை அடுக்குவதை நிறுத்தினாள்.

"உன் பின்னறை இருக்கற இடத்துலதான் எங்க வீட்டுக் கல்லறைங்க இருந்துச்சு. உன் புருஷன் வாங்கினதும் எலும்பையெல்லாம் எடுத்து, மரப்பட்டைத் துணியில சுத்தி, வேற இடத்துல புதைச்சோம். எங்க பெரியத்தை மட்டும் கிடைக்கல. தோண்டத் தோண்ட மண்ணுதான்."

"அப்புறம்?"

"ஆள் கிடைக்கலைன்னா என்ன செய்வோம்? வாழைத்தண்டைச் சுத்திப் புதைச்சிட்டோம். அங்க அத்தை பேர்ல இருக்கறது வாழைத்தண்டு."

"அவங்களுக்குப் பிள்ளைங்க?"

"இல்ல. ஒரு பொண்ணு இருந்தா போதும்னு சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

ஜூன் மாதம் கவீசாவின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், நோய் ஒன்றும் இல்லை என்றார்கள். அவனால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. பிறகு இடது கையும் நடுங்கியது. இப்போது அவன் மனைவிதான் ஊட்டிவிடுகிறாளாம்.

குலத்துப் பெரியவர்கள் ஆள் அனுப்பினார்கள். வெறும் கிழவியைத் தொட்டால் இந்த நடுக்கம் வராதாம். முறையான மாமியாராக இருந்தால்தான் வருமாம். அவளே நேரில் வந்து மன்னித்தால்தான் போகுமாம்.

"உங்க அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார் வந்தவர். "நீங்க கூப்பிட்டா வராமலா இருப்பாங்க?"

வருவாள். எனக்குத் தெரியும்.

ஆனால் கை சரியானால் கவீசா மறுபடியும் வீட்டைக் கேட்டு வருவான்.

நான் இன்னும் கூப்பிடவில்லை.