பட்டியலில் இல்லாத பலாட்டாக் கல்

அடுத்தவர் வயிற்றெரிச்சலை மரியாதையான பர்மிய மொழியில் டைப் அடித்துக் கொடுத்துச் சாப்பிடுவதுதான் என் தொழில். ரங்கூனில் ஒரு டவுன்ஷிப் கோர்ட்டுக்கு எதிரே, பிளாட்பாரத்தில், பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே என் மேஜை. எந்தக் கோர்ட் என்று கேட்காதீர்கள், நாளைக்கும் நான் அங்கே உட்கார வேண்டும். லாப்டாப் வைத்திருக்கும் பையன்கள் கரண்ட் இல்லாமல் கொட்டாவி விடும்போது, என் பழைய டைப்ரைட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கையில் மனுவை வைத்துக்கொண்டு மூன்றாம் நம்பர் அறைக்கும் ஏழாம் நம்பர் அறைக்கும் நடந்தே செருப்பைத் தேய்த்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். உங்களுக்குத்தான் புரியும்.

கல் எங்கே?

காதர் பாய் மார்க்கெட் ஓரத்தில் பலாட்டாக் கடை, அதாவது பரோட்டாக் கடை, போட்டிருந்தார். மாவை வீசி அவர் கல்லில் போடுகிற அழகைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். மச்சான் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். மச்சான் மாவ்பிப் பக்கம் வேலை என்று போனவர் போனவர்தான். கடன் பாய் தலையில் விழுந்தது. கோர்ட் உத்தரவோடு ஜப்தி செய்ய பெய்லிப், அதாவது கோர்ட் அமீனா, வந்தார், கூடவே சாட்சிக்கு வார்டு ஆபீஸ் கிளார்க்; வந்ததுமே காலி பட்டியலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மேஜை, ஸ்டூல், மின்விசிறி எல்லாவற்றையும் லாரியில் ஏற்றியவர்கள், பலாட்டா போடுகிற இரும்புக் கல்லையும் தூக்கி வைத்துவிட்டார்கள்.

சமைக்கிற சாமானையும் தொழில் செய்கிற சாமானையும் தொடக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. சரி, தெரியாமல் எடுத்திருப்பார்கள், கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று பாய் கோர்ட் கிடங்குக்குப் போனார். ஜப்திப் பட்டியலில் கல்லே இல்லையாம்! பட்டியலில் இல்லாததை எங்கள் தலையில் கட்டாதே என்று விரட்டிவிட்டார்கள். இரவல் வாணலியில் ஒவ்வொன்றாகப் போட்டு அவரால் எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்? பாதி வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. என் முன்னால் உட்கார்ந்து அவர் சொன்னது இது: “மேஜை ஸ்டூலெல்லாம் போகட்டும் அக்கா. கல்லு இருந்தா கடனை நானே உழைச்சுக் கட்டிடுவேன். கல்லையும் எடுத்துக்கிட்டு கட்டு கட்டுன்னா, எதை வெச்சுக் கட்டுறது?”

நல்லதாக நாலு வரி

இந்த ஊரில் ‘ஆனாடே’ என்று ஒன்று உண்டு. எதிராளிக்குச் சங்கடமாகிவிடுமே என்று நம் வாயை நாமே பொத்திக்கொள்வது. மூன்று தலைமுறையாக இங்கே கிடக்கிற நமக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. பெய்லிப் மேலும் வார்டு கிளார்க் மேலும் புகார் எழுத உட்கார்ந்தால், பாய் அவர்களைப் பாராட்டிக்கொண்டே போகிறார். சத்தம் போடவில்லையாம். கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்களாம். தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி சொன்னார்களாம். “பாய், இது புகாரா, கல்யாணப் பத்திரிகையா?” என்று கேட்டேவிட்டேன்.

எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. மனு எதுவானாலும் ஒரே பக்கம். இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற அதிகாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. எவ்வளவு பெரிய அழுகையையும் ஒரு பக்கத்தில் அடக்கிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பாயின் பாராட்டையெல்லாம் வெட்டித் தள்ளினேன். அவர் கெஞ்சினார்: “மேலிடத்து உத்தரவு, அவங்க என்ன செய்வாங்கன்னு ஒரு வரியாவது போடுங்கக்கா. நாளைக்குக் கடைக்குச் சாப்பிட வந்தா மூஞ்சியைப் பார்க்கணும்ல?”

நற்சான்று

புகாரை டவுன்ஷிப் ஆபீஸில் நீட்டினால், வார்டு ஆபீஸின் சிபாரிசுக் கடிதம் எங்கே என்றார்கள். வார்டு ஆபீஸ் மேல் புகார் கொடுக்க வார்டு ஆபீஸே சிபாரிசு செய்ய வேண்டும்! அட கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டு, பாய்க்குத் துணையாக நானும் போனேன். அங்கே உட்கார்ந்திருந்தது சாட்சிக்கு வந்த அதே கிளார்க்.

தன் மேல் எழுதிய புகாரை அவர் நிதானமாக, பேப்பர் படிக்கிற மாதிரி படித்தார். காலி பட்டியலில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்ற வரி வந்ததும் வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு சிபாரிசுக் கடிதம் எழுதி, முத்திரை குத்தி, இரண்டு கையாலும் நீட்டினார். டீச்சரம்மாவைக் கூப்பிடுகிற மரியாதையோடு என்னைச் ‘சயாமா’ என்று அழைத்துச் சொன்னார்: “இவர் ஒழுக்கமானவர், பொய் சொல்லாதவர்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன் சயாமா. ஆனா இந்தப் புகார்ல இருக்கிறது பூரா பொய்.”

ஒரே பக்கம்

அந்தக் கடிதத்தோடு புகார் உள்ளே போய் ஒரு மாதம் கழித்து, பெய்லிப் ஊ சோவிடம் மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். விளக்கத்தை டைப் அடிக்க அவர் எங்கே வருவார்? என் மேஜைக்குத்தான். கோர்ட் வாசலில் அது சகஜம். அடித்தவனுக்கும் நான்தான், அடிபட்டவனுக்கும் நான்தான். ஊ சோ கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தார். நுணுக்கி நுணுக்கி, மறைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் எழுதியிருந்தார். கடைசி இரண்டு வரி இப்படி இருந்தது: கல்லை லாரியில் ஏற்றியது உண்மை, அவசரத்தில் பட்டியலில் எழுதவில்லை, வழியில் வார்டு கிளார்க் அதைத் தன் வீட்டில் இறக்கிக்கொண்டார்.

அந்த இரண்டு வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. என் கை சும்மா இருக்குமா? “ஒரு பக்கத்தில் அடங்கவில்லையே, இந்தக் கடைசி வரிகள் அவசியமா?” என்று கேட்டேன். அவர், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள் என்றார். விட்டுவிட்டேன். டைப் முடிந்ததும் வாடிக்கையாளர் கண் முன்னாலேயே கைப்பிரதியைக் கிழித்து, துண்டுகளை அவர் கையிலேயே கொடுத்துவிடுவது என் வழக்கம். யார் ரகசியமும் என் மேஜையில் தங்கக் கூடாது. அன்றும் நாலாகக் கிழித்துக் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஊ சோ சொன்னார்: “சயாமா கை பட்டா எதுவும் சுத்தமாயிடுது.”

கையெழுத்து

அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. காதர் பாய் தேடிக்கொண்டிருந்த ஒரே ஆதாரத்தை, இடம் போதவில்லை என்று நானே வெட்டி, நானே கிழித்து, எடுத்தவர் கையிலேயே கொடுத்திருக்கிறேன். பாவி, எத்தனை வருஷ அனுபவம், எதற்கு உதவியது? ஆதாரம் இல்லை, விசாரணை முடிந்தது என்று பாய்க்குக் கடிதம் வந்தது. ஒரே பக்கம்தான். அதை எடுத்துக்கொண்டு அவர் வந்தபோது என்னால் மறைக்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணால் பார்த்தவர் நீங்கள் இருக்கிறீர்களே, பார்த்ததை அப்படியே அடித்து, கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தால் கேஸைத் திறந்துதானே ஆக வேண்டும் என்றார்.

பேப்பரை மெஷினில் சொருகினேன். தேதி அடித்தேன். என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் அடித்தேன். பிறகு தலை நிமிர்ந்து பார்த்தேன். எதிரே கோர்ட். இந்த பிளாட்பாரத்தில் உட்கார வருஷா வருஷம் அனுமதி கொடுப்பது வார்டு ஆபீஸ். என் இரண்டு பெண்களுக்கும் சோறு போடுவது இந்த மேஜை. வாடிக்கையாளர் ரகசியத்தை வெளியே சொல்வது தொழில் தர்மமில்லை என்று ஏதோ முணுமுணுத்தேன். பொய். பயம்தான், வேறொன்றுமில்லை. விலாசத்துக்குக் கீழே ஓர் எழுத்தும் அடிக்கவில்லை. இப்போது பாய் லான்மடாப் பேட்டையில் வேறொருவர் கடையில், வேறொருவர் கல்லில், தினக்கூலிக்கு பலாட்டா போடுகிறார். அன்று எழுந்து நின்று அவர் சொன்னது இவ்வளவுதான்: “விடுங்கக்கா. உங்களைப் போய்க் கேட்டுட்டேனே, என்னை மன்னிச்சுக்குங்க.”

ஆயிரம் பேருடைய மனுவில் கையெழுத்துக்கென்று புள்ளிக்கோடு போட்டுக் கொடுத்தவள் நான்; அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு பெயரை எழுதுவது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.