ஒரு மரத்துக்கு ஒரு வரி

எங்கள் வீட்டில் ஒரு மேசை இருந்தது. ஒரு தீபாவளிக்குத் தனக்குப் புதுச் சேலை எடுக்காமல் செர்டாங் கடையில் அம்மா வாங்கிய மேசை. அதில் சாப்பிடக் கூடாது, துணி மடிக்கக் கூடாது, அப்பா ஹெல்மெட்டைக்கூட வைக்கக் கூடாது. படிப்பு என்றால் உட்கார்ந்து படிப்பதுதான் என்பது அம்மாவின் கொள்கை. நானும் உட்காருவேன். சற்று நேரத்தில் தலை மேசைமேல் சாய்ந்துவிடும். மேசையைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல தூக்கம் வந்தது.

ஐந்தாம் ஆண்டில் மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு டீச்சர் என்னைத் தேர்ந்தெடுத்தார். தலைப்பு, கல்வியின் பயன். மொத்தம் இருபது வரி. நாங்கள் குடியிருந்த செம்பனைத் தோட்டம் முழுக்க அம்மா சொல்லிவிட்டாள். நானோ ஒரு வாரம் மேசையில் உட்கார்ந்தும் மூன்றாம் வரியைத் தாண்டவில்லை.

சனிக்கிழமைகளில் அப்பா லோரி ஓட்டப் போய்விடுவார். என்னைத் தனியாக விட மனமில்லாமல் அம்மா, தோட்டத்துக்குள் தான் வேலை செய்யும் வேலைக்காட்டுக்குக் கூட்டிப் போவாள். எண்ணெய்க்காக வெட்டும் செம்பனைக் குலை கீழே விழும்போது சிதறும் பழங்களை, மரம் மரமாகக் குனிந்து பொறுக்கிச் சாக்கில் போடுவது அவள் வேலை. எனக்கு ஒரு மடக்கு நாற்காலி, கையில் பேச்சுத் தாள்.

"இங்கியே உக்காந்து படி. ஒரு பழத்தத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த மர நிரைக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் எழுந்துவிட்டேன். முதல் மரத்தடியில் குனிந்து பொறுக்கியபடி முதல் வரியைச் சொன்னேன். இரண்டாம் மரத்தில் இரண்டாவது வரி. ஒன்பதாம் மரத்தைத் தாண்டினால் ஒரு கால்வாய். அதைத் தாவிக் குதித்தால் பத்தாவது வரி. நிரை முடிந்தபோது பேச்சும் முடிந்திருந்தது. அடேயப்பா, எனக்கே நம்ப முடியவில்லை! பொறுக்கியதை, நிரை முனையில் அம்மா வைத்திருந்த சாக்கில் கொட்டிவிட்டு நல்ல பிள்ளையாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

"என்னா லா, இன்னிக்குச் சாக்கு சீக்கிரமா நெறைஞ்சிருச்சு?" என்று அம்மா தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து இருபது வரியும் ஒப்பித்தேன். மேசைக்கு அடியில் என் விரல்கள் பொறுக்கிக்கொண்டிருந்தது அம்மாவுக்குத் தெரியாது. "பாத்தியா, உக்காந்து படிச்சா தானா வருது," என்றாள்.

போட்டி நாளன்று அம்மா லீவு போட்டு, கல்யாணத்துக்கு மட்டும் கட்டும் சேலையில் வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் மைக் முன் நின்றேன். வணக்கம் சொன்னேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. நேரம் பார்த்து மணி அடிப்பவர் மணியைத் தொட்டுவிட்டார்.

கால் தானாக ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தது. குனிந்தேன். பொறுக்கினேன். முதல் வரி வந்தது. அவ்வளவுதான், மைக்கை விட்டுவிட்டு மேடை முழுக்க மரம் மரமாகப் போனேன். ஒன்பதாம் வரி முடிந்ததும் கால்வாயையும் குதித்தேன். மண்டபம் கொல்லென்று சிரித்தது. கல்வி நம்மைத் தலைநிமிர வைக்கும் என்பது பத்தாவது வரி. அதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

மூன்றாம் பரிசு. "தோட்டத்து வேலைய அப்படியே நடிச்சுக் காட்டிட்டாங்க!" என்று நடுவர் பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா தட்டவில்லை. மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் கேட்டாள்.

"எங்க கத்துக்கிட்ட அத?"

"வேலைக்காட்டுலதாம்மா. ஒரு மரத்துக்கு ஒரு வரி. ஈஸி லா!"

"இனிமே நீ அங்க வர வேணாம்."

அடுத்த சனிக்கிழமையே அப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் மேசையைத் தூக்கிப்போய் அந்த வீட்டு அக்காவின் ஹாலில் போட்டார்கள். அம்மா வரும்வரை நான் அங்கே உட்கார வேண்டும். அழுது தீர்த்தேன். கால்வாயை மட்டும் குதிக்காமல் இருந்திருந்தால் முதல் பரிசு கிடைத்திருக்கும், அந்தக் கோபம்தான் அம்மாவுக்கு என்று வருடக்கணக்கில் நம்பினேன். அக்கா வீட்டுப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே பாடங்களை ஒப்பித்து எல்லாப் பரீட்சைகளையும் தாண்டினேன். பெயர் என்னவோ மேசைக்குத்தான் போனது.

வளர்ந்த பிறகுதான் புரிந்தது, மேடையில் நான் குனிந்தது அம்மா குனிகிற மாதிரியே இருந்திருக்கிறது. இடது கை முழங்காலில், வலது கை தரையில், நிமிரும்போது இடுப்பில் ஒரு பிடி. எது எனக்கு வந்துவிடக் கூடாது என்று சேலையை விட்டுவிட்டு மேசை வாங்கினாளோ, அதைப் பத்து வயது மகள் ஊர் முன்னால் செய்து காட்டிப் பரிசும் வாங்கிவிட்டாள்.

இப்போது ஜித்ராவில் ஓர் அலுவலகத்தில் அறிக்கை எழுதுகிறேன். நடந்தால்தான் எனக்கு வாக்கியம் வரும். நடைவழியில் ஒரு தூணுக்கு ஒரு வரி. கூட வேலை செய்பவர்களுக்குப் பழகிவிட்டது. மத்தியானத்தில் அம்மா போன் செய்வாள். சாப்பிட்டாயா என்பதற்கு முன்பே அவளுக்கு வேறொன்று தெரிய வேண்டும்.

"உக்காந்துதானே வேல செய்யிற?"

"ஆமாம்மா, உக்காந்துதான்," என்று அடுத்த தூணுக்கு நடந்தபடியே சொல்கிறேன்.