இல்லாத நடுக்கம்

ஹைதராபாத் மாதாப்பூரில் எங்கள் அலுவலக டார்ட்ஸ் இறுதிப் போட்டி. எதிராளி மாலதி, அதே ஊரின் ஹப்சிகுடாவில் வளர்ந்த தமிழ்ப் பெண், நிதானமாக நின்றாள். எனக்கோ உள்ளங்கை வியர்த்து அம்பு வழுக்கியது. வேண்டுமென்றேதான் கேட்டேன்: “என்ன மாலதி, உங்க கை நடுங்குதே?”

உண்மையில் நடுங்கவில்லை. ஆனால் அவள் தன் விரல்களையே பார்த்தாள். அடுத்த மூன்று அம்புகளும் பலகைக்கு வெளியே போயின. நான் ஜெயித்தேன்.

கைகுலுக்க வந்தவள் தணிந்த குரலில் சொன்னாள்: “ஹவ், ஆமா, நானும் பார்த்தேன். நல்லவேளை சொன்னீங்க. அப்பாவுக்கும் நடுக்குவாதம் இப்படித்தான் ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்ட போகணும்.”

“நான் பொய் சொன்னேன், மாலதி. பயம் எனக்குத்தான்.”

அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்றும் டீ கப்பை எடுக்கும்முன் அவள் ஒரு கணம் விரல்களைப் பார்த்துக்கொள்கிறாள். அந்தப் பயத்தை அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.